எதிர்வெயிலில் முகம் வெளுத்தால்: ஹூடும் நிழலும்

ஆளின் முதுகுப் பக்கம் மாலை வெயில் வைத்து எடுத்த படங்கள் பால் ஊற்றினாற்போல் வெளுத்தன. ஃப்ரேமுக்கு வெளியே இருந்த சூரியன் லென்ஸின் முன்கண்ணாடியில் சாய்வாக அடித்ததுதான் காரணம். 85 மி.மீ. லென்ஸுக்குரிய ஹூடை (லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு வளையத்தை) மாட்டியதும் தலைமுடியின் கருமை திரும்பியது. (பலர் அதைத் தலைகீழாக மாட்டியபடியே எடுக்கிறார்கள், பயனே இல்லை.) இதே ஹூடை அகலக்கோண லென்ஸில் போட்டால் படத்தின் மூலைகள் கறுக்கும்.

சூரியன் ஃப்ரேமுக்குள்ளேயே இருந்தால் ஹூடு உதவாது, நிழல்தான் வழி. அடர்த்தியில்லாத மரத்தடி வேண்டாம்: இலை இடுக்கு வெயில் கன்னத்தில் திட்டுத் திட்டாக விழும், தோலில் பச்சை ஏறும். கட்டட நிழலின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, திறந்த வானத்தைப் பார்த்து நிற்கவைத்தேன். கண்மணியில் வெளிச்சப் புள்ளி பளிச்சென்று விழுந்தது. நீலம் தட்டியதற்கு வொயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமன் அமைப்பை) 7000 கெல்வினுக்கு ஏற்றினேன்.