பாட்டுகளை இன்னொரு கணினிக்கு மாற்றும்போது

நாலைந்து பாட்டென்றால் வைஃபை போதும். முழுச் சேகரிப்பையும் மாற்றுவதென்றால் இரண்டு கணினிகளையும் ரவுட்டரில் கேபிளால் இணையுங்கள். கேபிள் செருகும் துளைகள் எல்லாம் கிகாபிட் (வினாடிக்கு 1000 மெகாபிட்) போர்ட்டாக இருந்தால் வினாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் போகும். கேட் 5இ (Cat 5e) வகை நெட்வொர்க் கேபிளே தாராளம்.

விண்டோஸில் இழுத்துப் போடாமல், கூடவே வரும், கட்டளை தட்டச்சு செய்து ஓடவிடும் ரோபோகொப்பி (robocopy) என்ற நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். நடுவில் கரண்ட் போனாலும் மறுபடி ஓடவிட்டால் போய்ச் சேர்ந்ததைத் தொடாது. பாதியில் அறுந்த பாட்டையும் மிச்சத்தையும் மட்டும் எடுக்கும். ஆனால் பிரதியை மூலம் போலவே ஆக்கிவிடும் அதன் மிரர் (/MIR) வசதியில் கவனம்! மூலத்தில் தவறி அழித்த பாட்டு, அடுத்த முறை ஓடும்போது பிரதியிலும் அழிந்துவிடும்.

அதனால் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் தனிப் பிரதி எடுத்து, கழற்றியே வையுங்கள். கோயில் திருவிழாவில் நீங்களே பதிந்த நாதஸ்வரக் கச்சேரி இருந்தால் முதலில் அதைத்தான் எடுக்கவேண்டும், கடையில் தேடினாலும் கிடைக்காது. திருகோணமலையில் கடலோரம் இருப்பவர்கள் டிஸ்க்கை மேசையில் விடாதீர்கள். உப்புக்காற்றில் யுஎஸ்பி முனை துருப்பிடிக்கும். இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அப்புறம், இடைக்கிடை எடுத்து அதிலிருந்தே சில பாட்டுகளைப் போட்டுப் பாருங்கள்.