சோலார் போடும் முன் வெள்ளை அட்டையைப் பாருங்கள்

மாடியில் சோலார் போட நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது மானியம் எவ்வளவு என்றுதான். நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணம் பக்கம் தெருத்தெருவாக மீட்டர் பார்த்து வெள்ளை அட்டையில் யூனிட் எழுதிய கை இது. என்னிடம் யார் வந்து கேட்டாலும், மானியத்தைப் பிறகு பேசலாம், முதலில் அந்த அட்டையை எடுத்து வாருங்கள் என்றுதான் சொல்வேன். அட்டை இல்லாவிட்டால் வாரியத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பழைய பில்களைப் பார்க்கலாம். ஒரு வருடத்துக்கு ஆறு பில் வரும். ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மே மாதக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தமிழ்நாட்டு அரசு வீடுகளுக்குச் செய்கிற பெரிய உதவி மின் கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான். 500-ஐத் தாண்டிவிட்டால் அதே 100 யூனிட்டுக்கு 4.70 ஆகிவிடும், தாண்டிய யூனிட்டுக்கு 600 வரை 8.40, அதற்கு மேல் இன்னும் அதிகம். இந்தக் கட்டணப்படி கணக்குப் போட்டால், 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். 510 ஓடினால் 2,124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய்! இந்தக் கோடு தெரியாமல் வருடக்கணக்கில் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் பேனலுக்கு முன்னால் மின்விசிறியைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுமாரில் ஓடிவிடும். தினம் 12 மணி நேரம் சுற்றினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். நான்கு ஃபேன் மாற்றினால் 130 யூனிட் பக்கம் வரும். 620 யூனிட் ஓடுகிற வீடு 490-க்கு இறங்கிவிடும், பில் 3,069-லிருந்து 1,742 ஆகும். இதற்கு எந்த விண்ணப்பமும் வேண்டாம், யார் கையெழுத்தும் வேண்டாம்.

அதற்கப்புறம் மிச்சமிருக்கிற யூனிட்டுக்குத்தான் பேனல். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டு மாதத்துக்கு 240. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நன்றாகவே குறையும். 490 யூனிட் வீட்டுக்கு 2 கிலோவாட் தாராளம். 300 யூனிட்டே ஓடுகிற வீட்டுக்கு பில் 705 ரூபாய்தான். அங்கே 3 கிலோவாட் போடச் சொல்கிறவர் உங்கள் நலனைப் பார்க்கவில்லை.

இனி மானியம். மாநில அரசு ஒரு காலத்தில் தன் பங்காகக் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் கொடுத்தது. இன்று எல்லோரும் பேசுவது 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டம். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000. மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 மட்டுமே கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். பேனலும் அதற்குள் இருக்கிற சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் இந்தப் பணம் வரும். அப்படி உள்நாட்டில் செய்ததைத்தான் 'டி.சி.ஆர். பேனல்' என்பார்கள், விலைப்பட்டியலில் அப்படியே எழுதி வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் பலர் சிக்குவது பெயரில். மின் இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரிலோ வீட்டை விற்றவர் பெயரிலோ இருக்கும். முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். இணைப்பு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே ஆள், முதலெழுத்து உட்பட ஒரே மாதிரி இருக்கட்டும். அப்புறம் திட்டத்தின் இணையதளத்தில் தமிழ்நாட்டையும் நம் மின் பகிர்மானக் கழகத்தையும் தேர்ந்தெடுத்து, இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதியலாம். 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு, அதாவது அந்த இடத்து மின்பாதை தாங்குமா என்று வாரியம் பார்ப்பது, தேவையில்லை என்று 2024-இல் விதி திருத்தப்பட்டிருக்கிறது.

பதிவு பெற்ற நிறுவனங்களில் குறைந்தது மூன்றிடம் விலை கேளுங்கள். வருகிறவர் மாடி ஏறிப் பார்க்காமல் விலை சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். பேனல் தெற்குப் பார்த்து இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தென்னையும் தண்ணீர்த் தொட்டியும் காலை ஒன்பது மணிக்கு எங்கே நிழல் போடுகின்றன, மாலை நான்கு மணிக்கு எங்கே போடுகின்றன என்று நீங்களே நின்று பாருங்கள். நாகை, கடலூர்ப் பக்கம் என்றால் உப்புக்காற்றும் புயலும் உண்டு. கம்பி, போல்ட் எல்லாம் துத்தநாகப் பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். எர்த்திங்கில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. ஐந்து வருடப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு, அதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பேட்டரி இல்லாத இந்த அமைப்பு மின்தடை வந்தால் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற ஒயர்மேன் உயிருக்கான பாதுகாப்பு அது. மின்வெட்டுக்குத் தீர்வு தேடுகிறவர்கள் இன்வெர்ட்டரைத் தனியாக யோசிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பிரிவு அலுவலகத்திலிருந்து வந்து இருவழி மீட்டர் பொருத்துவார்கள். நீங்கள் வாரியத்துக்கு அனுப்பிய யூனிட், எடுத்த யூனிட்டில் கழியும். மிச்சம் இருந்தால் அடுத்த பில்லுக்குப் போகும். மீட்டர் பொருத்திய அன்றே அனுப்பியது, எடுத்தது என்று அதில் காட்டும் இரண்டு எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். அமைப்பு இயங்குகிறது என்று சான்றிதழ் வந்ததும் இணையதளத்தில் வங்கி விவரத்தைக் கொடுத்து மானியம் கேட்க வேண்டும். பணம் உங்கள் கணக்குக்கு நேராக வரும். முதல் பில் வந்தவுடன் எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அனுப்பிய யூனிட் கழியவில்லை என்றால் அந்த வாரமே உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.