இத்தாலியனில் ‘எனக்குப் பிடிக்கும்’ சொல்லலாம், வாங்க

ஆங்கிலம் வழியாக இத்தாலியன் படித்தபோது என்னை அதிகம் குழப்பியது இந்தப் பாடம்தான். ‘நான் விரும்புகிறேன்’ என்று தொடங்கிப் பார்த்தேன், ஒரு வாக்கியம்கூட அமையவில்லை. தமிழில் யோசித்ததும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நீங்களும் தமிழிலிருந்தே தொடங்குங்கள்.

படி 1: ‘மி’ என்றால் எனக்கு, ‘பியாச்சே’ என்றால் பிடிக்கும். மி பியாச்சே இல் ஜெலாத்தோ: எனக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும். நம் வாக்கியம் போலவே இதிலும் ‘எனக்கு’தான் தொடக்கம்; ஆனால் இத்தாலியனில் ஐஸ்கிரீம்தான் எழுவாய். பெயருக்கு முன்னால் வரும் இல், லா போன்ற சிறு சொற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். மி பியாச்சே லா பீட்சா.

படி 2: நாம் தடுக்கி விழும் இடம் இது. பூ என்றாலும் பூக்கள் என்றாலும் நமக்கு ‘பிடிக்கும்’தான். இத்தாலியனில் பொருள் பன்மையானால் வினையும் மாறும்: மி பியாச்சொனோ ல்யி ஸ்பகெத்தி. ஆமாம், ஸ்பகெத்தி அங்கே பன்மைச் சொல்! செயல்களுக்கு எப்போதும் ஒருமை போதும். மி பியாச்சே கன்தாரே: எனக்குப் பாடப் பிடிக்கும்.

படி 3: தி உனக்கு, ல்யி அவனுக்கு, லே அவளுக்கு. பெரியவர் ஒருவரிடம் ‘உங்களுக்கு’ என்று மரியாதையாகக் கேட்கவும் அதே லே. பிடிக்காது என்றால் முன்னால் ‘நோன்’ சேருங்கள்: நோன் மி பியாச்சே. ‘மி திஸ்பியாச்சே’ பார்க்க எதிர்ச்சொல் போல இருக்கும், ஆனால் அதற்கு ‘வருந்துகிறேன்’ என்று பொருள்.

படி 4: ஒருவர் பிடிக்கும் என்றால் ‘ஆன்க்கே அ மே’ (எனக்கும்தான்). பிடிக்காது என்றால் ‘நெஆன்க்கே அ மே’ (எனக்கும் பிடிக்காது). பேச்சு இதில்தான் சூடு பிடிக்கும், நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 5: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ‘ப்ரெஃபெரிஸ்கோ’. இங்கே மட்டும் ‘எனக்கு’ கிடையாது, ‘நான்’தான் எழுவாய். ப்ரெஃபெரிஸ்கோ இல் தே அல் கஃபே: காப்பியைவிடத் தேநீரே எனக்கு இஷ்டம். நம் ‘ஐ விட’ செய்யும் வேலையை ‘அல்’ செய்கிறது.

அப்புறம், ஆட்களிடம் கவனம். ஒருவரைப் பார்த்து ‘மி பியாச்சி’ (எனக்கு உன்னைப் பிடிக்கும்) என்றால் பெரும்பாலும் காதல் என்றே எடுத்துக்கொள்வார்கள். அம்மாவிடமும் நண்பர்களிடமும் அன்பைச் சொல்ல ‘தி வோல்யோ பெனே’ இருக்கிறது. உனக்கு நல்லது வேண்டுகிறேன் என்பது அதன் நேர்ப்பொருள்.