நாடகக் கலைஞர் வரலாறு தேடுபவர்களுக்கு: முதலில் நோட்டீஸைக் கேளுங்கள்

பழைய ஸ்பெஷல் நாடக (கலைஞர்களைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்து ஓரிரவு நடத்தும் மேடை நாடகம்) நடிகர் ஒருவரைப் பற்றி ஊராரிடம் விசாரிக்கும்போது, "தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "வீட்டில் பழைய நாடக நோட்டீஸ் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா நாடகத்துக்கு அடிக்கும் நோட்டீஸில் ராஜபார்ட் (நாயகன் வேடம்), ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவர் பெயரும், பெரும்பாலும் ஊரோடு சேர்த்தே இருக்கும். நாடகம் நடந்த இடம், தேதி, கிழமையும் கிடைத்துவிடும். ஆண்டு கிழிந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. ஒரு தேதி அதே கிழமையில் 5, 6 அல்லது 11 ஆண்டுகள் இடைவெளியில்தான் திரும்ப வரும் என்பதால் சில ஆண்டுகளுக்குள் அடக்கிவிடலாம். அப்புறம், நோட்டீஸைக் கையில் எடுத்ததும் வீட்டுப் பெரியவர்கள் தாமாகவே பேச ஆரம்பிப்பார்கள். அதையும் செல்போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள், நோட்டீஸைவிட அரிய பொருள் அது.

வேடம் கட்டியவர்கள் பெயரை அச்சிடாமல் குழுவின் பெயரை மட்டும் போட்ட கூத்து நோட்டீஸ்களுக்கு இது உதவாது. பெயர் அச்சாகியிருப்பதும் அவரை ஒப்பந்தம் செய்ததற்குத்தான் சான்று. அன்று இரவு மேடையேறினாரா என்பதை, நாடகம் பார்த்தவர்களிடம் தனியாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.