கிடங்கை மேடாக்கும் நிழல்: வான்படத்தில் பழைய கிடங்கு தேடுபவர்கள் விடும் தவறுகள்

போன மாதம் பயிற்சிக்கு வந்த இரண்டு பிள்ளைகள், திரையில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைப் பெருப்பித்து வைத்து, பழைய கிரவல் கிடங்குகளுக்கு, அதாவது வீதிக்குப் போடும் சரளை மண் வெட்டியெடுத்த குழிகளுக்கு, புள்ளி போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து வருடத்துக்கு முன் நான் போட்ட அதே பிழையான புள்ளிகள். வடக்கு எது, அளவுத்திட்டம் என்ன, எந்தத் தேதிப் படம் என்பதையெல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதைப் பாராமல் யாரும் இந்த வேலைக்கு உட்காருவதில்லை.

வெயில் எந்தப் பக்கம் என்று பாராமல் மேடு பள்ளம் சொல்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

வவுணதீவுக்கு அப்பால் ஒரு உள்வீதியை உயர்த்தக் கிரவல் தேவைப்பட்டது. பெப்ரவரி மாதக் காலைப் படமொன்றில் அழகான மேடு தெரிந்தது. வடமேற்குப் பக்கம் பளிச்சென்று இருந்தது, தென்கிழக்குப் பக்கம் கருமை. குறித்துக் கொடுத்தேன். சோதனைக் குழி வெட்ட, பெக்கோ என்ற மண் வெட்டும் இயந்திரத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே மாட்டுப்பட்டி வைத்திருந்த பெரியவர் எங்களையும் பெக்கோவையும் மாறி மாறிப் பார்த்தார். “மேடு எங்க மனே இருக்கு? இது பழைய கிடங்கெல்லோ. மாரியில மாடு விழுந்து சாகும்.” அரை நாள் பெக்கோ வாடகை என் கணக்கில் போனது. அதைவிட, திரும்பி வரும்போது லொறிக்காரர் சிரித்த சிரிப்பு.

நடந்தது இதுதான். படத்துக்கு மேலேயிருந்து வெளிச்சம் விழுவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். பெப்ரவரிக் காலையில் சூரியன் தென்கிழக்கில், அதாவது வடக்கு மேலாக வைத்த படத்தின் கீழ் வலது மூலைப் பக்கம் நிற்கிறது. கிடங்கின் தென்கிழக்குச் சுவர் நிழலுக்குள், எதிர்ச் சுவர் வெயிலில். கண் அதைத் தலைகீழாக வாசித்து மேடாக்கிவிடும்.

வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று இருக்கும். மட்டக்களப்புக்கு அது பொருந்தாது. ஏப்ரல் 10 அளவில் நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு மேலே வந்து, வடக்கே போய், செப்டெம்பர் தொடக்கத்தில்தான் உச்சி கடந்து தெற்கே இறங்குகிறது. இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். மேகமில்லாத படங்களும் பெரும்பாலும் இந்தக் கோடையில்தான் கிடைக்கும். அப்போது கிடங்கு கிடங்காகவே தெரியும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பெப்ரவரிப் படத்தைத் திறந்தால் ஏமாற்றம்தான்.

ஆகவே முதலில் பக்கத்தில் ஒரு பனையையோ வீட்டுக் கூரையையோ தேடி, நிழல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள். அப்புறம் நிழல் உங்களை நோக்கி விழும்படி படத்தைத் திருப்புங்கள். என்னுடைய ‘மேடு’ அன்று இரவு அப்படித் திருப்பிய உடனே திரைக்குள் குழிந்து போனது. ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த சோடிப் படங்களை முப்பரிமாணக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இதே பொறி உண்டு. இடதையும் வலதையும் மாற்றி வைத்தால் மலை கிடங்காகிவிடும்.

மாரிப் படத்தை மட்டும் பார்ப்பது

டிசம்பரில் எல்லாமே தண்ணீர். குளத்துக்குச் சரிவின் கீழ்ப்பக்கம் அணைக்கட்டு இருக்கும், அதற்குக் கீழே வயல் விரியும். கிடங்குக்கு இரண்டும் இருக்காது. ஓரம் கடித்துத் தின்ற மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். ஓகஸ்ட் படத்தையும் எடுத்து அருகே வையுங்கள்.

பாதையைத் தேடாதது

கிரவலோ கருங்கல்லோ, அது நடந்து வெளியேறவில்லை. வண்டில் போயிருக்கும், பிறகு டிராக்டர், பிறகு டிப்பர். எங்கும் போய்ச் சேராமல் நடுக்காட்டில் முடியும் பாதையின் நுனியைப் பாருங்கள். கிடங்கு மூடிப்போய்ப் பற்றை வளர்ந்த பிறகும் பாதையின் கோடு பல வருடம் மிஞ்சும். ஆனால் வீதிக்கும் வாய்க்காலுக்கும் ஒட்டி நீளமாகக் கிடக்கும் பள்ளங்கள் வேறு சாதி. கரை கட்ட அங்கேயே மண் வெட்டிய இடங்கள் அவை. அம்பாறைப் பக்கம் 1949 இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டப் பரப்பில் தேடுபவர்கள் இதை மறக்க வேண்டாம்.

நிறத்தை நம்புவது

வேண்டாம். புதிதாக உடைத்த கருங்கல் முகம் வெளுத்திருக்கும், பழையது பாசி பிடித்து இயற்கைப் பாறை போலக் கறுத்துவிடும்.

1956 படத்தில் இல்லை, ஆகவே அப்போது கிடங்கே இல்லை என்பது

1956 இல் இலங்கையை எடுத்த வான்படங்களின் 1:40,000 அளவில் ஒரு மில்லிமீற்றர் என்பது 40 மீற்றர். இருபது மீற்றர்க் கிடங்கு அரை மில்லிமீற்றர்தான். ஒரு தூசி.

பட்டிக்காரரைக் கேட்காமல் போவது

மேலே சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி, படத்தைத் திருப்பத் தெரியாமல் தன் தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வலிக்கும், ஆனால் அதுவும் வேலை செய்யும்.