பாலைவன மரப்பேன்: திரும்பத் திரும்பச் சொல்லப்படும் தவறுகள்

ஈரமான பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் சிதறி ஓடுமே, அதுதான் மரப்பேன். வெயிலும் வறட்சியும் அதற்கு ஆகாது. ஆனால் அதன் உறவு ஒன்று வட ஆப்பிரிக்காவிலும் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்திலும் பட்டப்பகலில் நடமாடுகிறது. பெயர் ஹெமிலெபிஸ்டஸ் ரோமூரி. நீளம் ஏறக்குறைய 2 செ.மீ. அதைப் பற்றி எழுதும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் சில தவறுகளைத் தவிர்க்க வேண்டும்.

முதலில், அதைப் பூச்சி என்று எழுதாதீர்கள். அதற்கு ஏழு ஜோடிக் கால்கள். நண்டு, இறால் வகையறா. இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பாலைவனப் பூச்சிகளின் உடம்பில் ஈரம் வெளியேறாதபடி நல்ல மெழுகுப் பூச்சு உண்டு. மரப்பேனுக்கு அந்த அளவுக்குக் கிடையாது.

இதை மறப்பதிலிருந்துதான் பெரிய தவறு கிளம்புகிறது. “பாலைவனத்துக்கேற்ற உடம்பு” என்று ஒட்டகத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிடுகிறார்கள். அதைக் காப்பாற்றுவது உடம்பைவிட வளைதான். மழைக்காலம் முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே தோண்ட ஆரம்பிக்கிறது. கோடையில் அரை மீட்டருக்கும் கீழே போகிறது. அங்கே குளிர்ச்சியும் ஈரமும் தங்கியிருக்கும். மண் இறுகிய பிறகு புதிய வளை தோண்ட வழியில்லை. அந்த நேரத்தில் வளையைப் பறிகொடுத்தால் சாவுதான்.

அதனால்தான் ஆணும் பெண்ணும் சேர்ந்தே வாழ்கின்றன. ஒன்று இலை தேடிப் போனால் மற்றொன்று வாசலில் காவல். வளையின் வாய் ஓர் உடம்பு அகலம்தான். காவல் நிற்பது தன் உடம்பையே அடைப்பாக வைத்துக்கொள்கிறது. திரும்பி வருவது உணர்கொம்பால் தொடும், உள்ளே இருப்பது பதிலுக்குத் தொடும், அப்புறம்தான் வழி. ஆண் இணைசேர்ந்ததும் போய்விடும் என்று மற்ற உயிரினங்களை வைத்து எழுதுவது இங்கே பொருந்தாது.

முட்டையை வயிற்றுப் பையில் சுமப்பதைப் பாலைவனத் தகவமைப்பு என்று சொல்வதும் தவறு. நம் பூந்தொட்டி மரப்பேனுக்கும் அந்தப் பை உண்டு. பாலைவனத்துக்கே உரியது வேறு: தாய் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் ஈனும். அந்த ஓர் ஈற்றுக் குஞ்சுகளுக்கு இரண்டும் சேர்ந்து இரை கொண்டுவந்து கொடுக்கின்றன. குஞ்சுகள் அடுத்த வசந்தம் வரை அதே வளையில்தான். என்னை மிகவும் நெகிழவைப்பது இதுதான்.

கடைசியாக, “வாசனையால் குடும்பத்தைக் கண்டுபிடிக்கும்” என்பார்கள். காற்றில் பரவும் வாசனை இல்லை அது. உடம்பின் மேல் படிந்திருக்கும் ரசாயனக் கலவை, தொட்டால்தான் தெரியும். ஜெர்மானிய விலங்கியலாளர் லின்சன்மையர் பல ஆண்டுகள் ஆராய்ந்து இதை விளக்கினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கலவை வேறு. ஒரே வளையில் ஒட்டி உரசி வாழ்வதால் எல்லார் மேலும் அது பூசப்படுகிறது. வேற்றுக் குடும்பத்தோடு உரசி அந்தக் கலவை மேலே ஒட்டிக்கொண்டால், சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் வாசலில் தடுத்துவிடுவார்கள்.