திகில் எழுத்தாளரின் சிறுவயதைக் கற்பனைக் காமிக்ஸாக மாற்றுவது எப்படி: லவ்கிராஃப்டை முன்வைத்து

எச். பி. லவ்கிராஃப்ட் 1890 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், பிராவிடன்ஸ் நகரின் ஏஞ்சல் தெருவில் இருந்த தாய்வழித் தாத்தாவின் பெரிய வீட்டில் பிறந்தார். வெள்ளிப் பொருள் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய தந்தைக்கு 1893 ஏப்ரலில் சிகாகோவில் மனநிலை பிறழ்ந்தது. அப்போது மகனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. தந்தை பிராவிடன்ஸின் பட்லர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1898 ஜூலையில் அங்கேயே இறந்தார். இதற்கிடையே 1896 ஜனவரியில் பாட்டி இறந்தார். 1904 மார்ச்சில் தாத்தாவும் இறக்க, குடும்பத்தின் செல்வம் கரைந்து பிறந்த வீடு கைவிட்டுப் போனது. 1908-இல் நரம்புத் தளர்ச்சிக்கு ஆளான லவ்கிராஃப்ட், பட்டயம் பெறாமலே உயர்நிலைப் பள்ளியை விட்டு நின்றார்.

இந்த வரிசையைப் படிக்கும் ஓவியருக்கு உடனே ஓர் ஆசை எழும்: தந்தையின் நோயிலிருந்து ஒரு பூதம், பாட்டியின் சாவிலிருந்து இன்னொரு பூதம், இழந்த வீட்டிலிருந்து ஒரு பாழடைந்த மாளிகை என்று, ஒவ்வொரு துயரத்துக்கும் பின்னாளைய கதைகளில் ஒரு பதிலைத் தேடிப் பொருத்திவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்த கதை, விடை முன்பே தெரிந்த கணக்காக ஆகிவிடும். அந்தச் சிறுவன் பிற்காலத்தில் எழுத்தாளன் ஆவான் என்பது அவனுக்குத் தெரியாது. தந்தைக்கு என்ன ஆயிற்று என்பதும் தெரியாது. பெரியவர்கள் சொல்லாமல் விட்டதற்குள்தான் அவன் வளர்ந்தான். உங்கள் காமிக்ஸும் அந்த அறியாமைக்குள் நின்றே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இனி சொல்லும் முறைகள் எல்லாம் அதைச் சார்ந்தவை.

எந்த ஆண்டுகள், எவ்வளவு பக்கங்கள்

முழு வாழ்க்கையையும் வரைய முயலாதீர்கள். 48 பக்க இதழ் ஒன்றில் ஒரு குளிர்காலத்தை நிறைவாகச் சொல்ல முடியும். பதினைந்து ஆண்டுகளைச் சொல்ல முயன்றால் அறிவிப்புப் பெட்டிகள்தான் மிஞ்சும். லவ்கிராஃப்டின் வாழ்வில் நான் தேர்ந்தெடுக்கச் சொல்வது பாட்டி இறந்த 1896-இன் குளிர்காலத்தை. அப்போது அவருக்கு ஐந்தரை வயது. தந்தை உயிரோடு இருக்கிறார், ஆனால் வீட்டில் இல்லை. தாத்தா திடமாக இருக்கிறார். கெட்ட கனவுகள் தொடங்குகின்றன. ஒரு கதைக்குத் தேவையான இழுவிசை முழுவதும் அதற்குள் இருக்கிறது. 1904-இன் வீழ்ச்சியை இரண்டாம் பகுதியாகப் பிறகு வரையலாம்.

குறிப்பேட்டைப் பிரித்து எழுதுவது

பென்சிலைத் தொடுவதற்கு முன், திரட்டிய செய்திகளைச் சான்றின் தரத்தைப் பார்த்துப் பிரித்து எழுதுங்கள். தந்தை மருத்துவமனையில் சேர்ந்ததும் இறந்ததும் ஆவணங்களில் உள்ளவை. கனவுகளைப் பற்றியவை, லவ்கிராஃப்டே பல ஆண்டுகள் கழித்து நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் உள்ளவை. அவற்றை வளர்ந்தவர் ஒருவரின் நினைவாகவே கொள்ள வேண்டும். தாய் தன் மகனை விகாரமானவன் என்று கருதினார் என்பதோ, பின்னாளில் ஓர் அண்டை வீட்டுப் பெண் நினைவுகூர்ந்த செய்தி. தந்தைக்கு இருந்தது முற்றிய சிபிலிஸ் நோயின் மூளைப் பாதிப்பு என்பது, இறப்புச் சான்றில் உள்ள நோய்ப்பெயரை வைத்து ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் ஊகம்.

இந்தப் பிரிவினை வரையும்போது நேரடியாகப் பயன்படும். ஆவணத்தில் உள்ளதை நேராக வரையலாம். நினைவில் உள்ளதைச் சிறுவனின் கண்ணோட்டத்தில் வரையலாம். அண்டை வீட்டாரின் சொல்லைத் தாயின் வாயில் ஒருபோதும் நேராக வைக்காதீர்கள். கதவிடுக்கில் அரைகுறையாகக் கேட்ட பேச்சாக, பேச்சுப் பலூனின் பாதி கட்டத்துக்கு வெளியே வெட்டுப்படும்படி வையுங்கள். உறுதியில்லாத செய்தி அவ்வாறு உறுதியில்லாத வடிவத்திலேயே வாசகரை அடையும். சிறுவனும் தாயைப் பற்றி அப்படித்தான் அரைகுறையாக அறிந்திருக்க முடியும்.

கற்பனையாக்கும்போது எதை மாற்றுவது

பெயரை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், தாயின் சகோதரிகள் இருவரை ஒருவராக்குங்கள். இவை எளிய வேலைகள். மாற்றக் கூடாதது காரண காரியத் தொடர். பாட்டி இறந்ததால் வீட்டுப் பெண்கள் கறுப்பு உடுத்தினார்கள், கறுப்பு உடையைக் கண்டு சிறுவன் அஞ்சினான், அதன்பின் கனவுகள் வந்தன என்பதுதான் தொடர். இதில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் பேய் பிடித்த பொம்மையையோ சபிக்கப்பட்ட புத்தகத்தையோ வைத்தால், நீங்கள் வேறொரு கதைக்குப் போய்விட்டீர்கள் என்று பொருள். எழுத்தாளரின் பெயரையே கேள்விப்படாத ஒருவரிடம் உங்கள் மாதிரி வரைவைக் கொடுத்துப் பாருங்கள். அவர் அந்தச் சிறுவனுக்காகக் கவலைப்பட்டால் கற்பனையாக்கம் சரியாக நடந்திருக்கிறது.

ஒரு பக்கத்தை நெருங்கிப் பார்ப்போம்

லவ்கிராஃப்டின் கடிதங்களில் எனக்கு மிகவும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. தாயும் தாயின் சகோதரிகளும் அணிந்த துக்க உடையின் கறுப்பைத் தாங்க முடியாமல், அவர் பளிச்சென்ற துணித் துண்டுகளையும் காகிதத் துண்டுகளையும் யாருக்கும் தெரியாமல் அவர்களுடைய பாவாடையில் ஊசியால் குத்திவைப்பாராம். ஒரு காமிக்ஸ் கலைஞருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைக்காது. சொல்லே இல்லாமல் நிறத்தால் மட்டும் சொல்லக்கூடிய பக்கம் இது.

முழு இதழையும் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்தில் மட்டும் சிவப்பை முதன்முறையாக நுழைக்கலாம். முதல் கட்டத்தைப் பக்கத்தின் முழு அகலத்துக்கு எடுத்து, ஐந்து வயதுக் குழந்தையின் கண்மட்டத்திலிருந்து வரையுங்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பெரியவர்களுக்கு முகம் கிடையாது. இடுப்புக்குக் கீழே தரை வரை இறங்கும் கறுப்புப் பாவாடைகள் மட்டுமே சுவர் சுவராக நிற்கும். இரண்டாம் கட்டம் சிறியதாக, கையில் ஒரு குண்டூசியும் சிவப்புக் காகிதக் கிழிசலும். மூன்றாம் கட்டத்தில் குத்தும் விரல்கள். நான்காம் கட்டத்தில் பாவாடைகள் நகர்ந்து போகின்றன; கறுப்புக்கு நடுவே விரல் நகம் அளவில் ஒரு சிவப்பு. மேலே எங்கிருந்தோ ஒரு பலூன்: “உங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லப்பா. தூங்கிட்டு இருக்கார்.” பேசுபவர் யார் என்று காட்ட வேண்டாம். பலூனின் வாலைக் கட்டத்தின் மேல்விளிம்பில் முடித்துவிடுங்கள்.

தந்தையைப் பற்றி இதற்கு மேல் எதையும் வெளிப்படையாகச் சொல்லாதீர்கள். தந்தை பக்கவாதத்தால் உணர்வின்றிக் கிடக்கிறார் என்பதே பின்னாளில் லவ்கிராஃப்ட் தன் கடிதங்களில் கொடுத்த விளக்கம். அதே நகரத்திலேயே இருந்த மருத்துவமனைக்குச் சிறுவனை யாரேனும் அழைத்துச் சென்றதற்குச் சான்று இல்லை. சிகாகோ விடுதியறையில் நடந்ததை ஒரு பின்னோக்குக் காட்சியாக வரைந்தால், சிறுவனுக்கு இல்லாத அறிவை வாசகருக்குக் கொடுத்தவர் ஆவீர்கள். அந்த நொடியிலிருந்து வாசகர் அவனை மேலிருந்து பார்த்து இரங்கத் தொடங்குவார். அவனோடு சேர்ந்து அஞ்சுவதை நிறுத்திவிடுவார்.

பூதங்களை வரைவது

கனவில் வந்தவற்றை லவ்கிராஃப்ட் தெளிவாகவே விவரித்திருக்கிறார்: கறுத்து மெலிந்த, ரப்பர் போன்ற உடலும், கொம்புகளும், முள்வாலும், வௌவால் சிறகுகளும் கொண்டவை, முகம் கிடையாது. சிறுவனின் வயிற்றைப் பற்றித் தூக்கிக்கொண்டு, அச்சமூட்டும் நகரங்களின் கோபுரங்களுக்கு மேலே பறக்கும். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்துக்குக் குஸ்தாவ் டோரே வரைந்த படங்களைக் கொண்ட பெரிய நூல் ஒன்று வீட்டில் இருந்ததாகவும், இவை அதிலிருந்து வந்திருக்கலாம் என்றும் அவரே ஊகித்தார். பின்னர் தம் கதைகளிலும் அவற்றைப் பயன்படுத்தினார்.

முகமில்லாத உருவத்தை வரையும் ஓவியர் பெரும்பாலும் வழுவழுப்பான ஒரு முட்டையை வரைந்து நிறுத்திவிடுகிறார். அதைவிட வலுவான வழி, அதே இதழின் முன்பக்கங்களிலேயே இருக்கிறது. பெரியவர்களின் முகத்தைக் கட்டத்துக்கு வெளியே வைத்தே வந்தீர்கள் அல்லவா? பூதத்தின் உடலுக்கும் அந்தத் துக்க உடையின் அதே மைக்கோடுகளைப் பயன்படுத்துங்கள். சிறகின் மடிப்பு பாவாடையின் மடிப்பாகட்டும். இதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பூதம் முதலில் தோன்றுவது வலப்பக்கத்தின் கடைசிக் கட்டமாக இல்லாமல், பக்கத்தைத் திருப்பியதும் வரும் இடப்பக்கத்தின் முதல் கட்டமாக இருக்கட்டும். வாசகரின் கை திரும்பும் அந்த நேரத்தில்தான் அச்சம் வேலை செய்கிறது. இணையத்தில் கீழ்நோக்கி உருட்டிப் படிக்கும் வடிவமானால், அதற்கு முன் ஒரு திரை அளவுக்குக் கறுப்பு வெற்றிடம் விடலாம்.

அன்பையும் வரைய வேண்டும்

துயரமான சிறுவயது என்றதும் எல்லாப் பக்கங்களையும் இருட்டாக்குவது பெரும் பிழை. விப்பிள் பிலிப்ஸ் என்ற அந்தத் தாத்தா, பேரனுக்குத் தானே திகில் கதைகளைக் கட்டிச் சொன்னவர். இருட்டைக் கண்டு அஞ்சிய பேரனை, விளக்கில்லாத அறைகள் வழியாக இரவில் தனியே நடக்கச் செய்து அந்த அச்சத்தைப் போக்கியவரும் அவரே. தாத்தாவின் வீட்டு நூல்களில் சிறுவன் விரும்பியபடி திளைத்தான். அரபு இரவுக் கதைகளைச் சின்ன வயதிலேயே படித்தான். எட்டு, ஒன்பது வயதில் வேதியியலும் பின்பு வானியலும் அவனைப் பற்றிக்கொண்டன. 1903-இல் தானே எழுதிப் படியெடுத்து ஒரு வானியல் இதழை வெளியிடத் தொடங்கினான்.

தாத்தாவின் இருட்டறைப் பயிற்சியை உங்கள் கதையின் நடுப்பகுதியில் நான்கு பக்கங்களுக்குக் குறையாமல் வையுங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கட்டம். கட்டம் முழுக்க மை. அதில் சிறுவனின் நைட்டுக் கவுன் மட்டும் வெள்ளைப் புள்ளியாக. கடைசி அறையின் கதவருகே தாத்தாவின் குரல் கேட்கட்டும். இதழில் ஒரு பெரியவருடைய முகம் முதன்முறையாக முழுதாகத் தெரிவது அந்தக் கட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

நோய், தற்கொலை எண்ணம், இனவெறி

மனநோயைப் பூதமாக வரையாதீர்கள். தந்தையோ, 1919-இல் அதே மருத்துவமனைக்குப் போய் 1921-இல் அங்கே இறந்த தாயோ, நோயுற்ற மனிதர்கள். அவர்களை அரக்கராக்கினால், அதே நிலையில் உறவினரைக் கொண்ட வாசகரை நீங்கள் காயப்படுத்துவீர்கள்.

1904-இல் வீடு போன பிறகு, பதினான்கு வயதை எட்டவிருந்த லவ்கிராஃப்ட் சாவைப் பற்றி எண்ணியதாகப் பின்னர் எழுதினார். இரண்டாம் பகுதியில் இதைத் தொடுவீர்களானால் வழிமுறையைக் காட்ட வேண்டாம். அவரைத் தடுத்ததைக் காட்டுங்கள். உலகில் தனக்கு இன்னும் தெரியாதவை எத்தனையோ உள்ளன என்ற அறிவுத் தாகம்தான் தடுத்தது என்று அவரே சொல்கிறார். வரைபடத்தில் நிரப்பப்படாத ஒரு துருவப் பகுதி, பெயர் தெரியாத ஒரு விண்மீன், படித்து முடிக்காத ஒரு வரலாற்று நூல் என்று அதற்கு அழகான காட்சிகள் உண்டு.

லவ்கிராஃப்டின் கடிதங்களிலும் சில படைப்புகளிலும் கடுமையான இனவெறி உண்டு. வீட்டில் இருந்த கறுப்புப் பூனையின் பெயரே கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல். பூனையின் பெயரை மாற்றலாம். ஆனால் குலப் பெருமை பேசும் ஒரு வசதியான வீட்டில் பிறரைத் தாழ்த்திப் பேசுவதைக் குழந்தை கேட்டு வளர்கிறது என்பதை ஓரிரு பலூன்களிலாவது வையுங்கள். பட்ட துன்பம் அந்த வெறுப்புக்கு நியாயம் ஆகிவிடாது. கதை அப்படி ஒலித்தால் திருத்துங்கள்.

தமிழ் எழுத்தைப் பலூனில் அடக்குவது

வசனத்தை வரைவதற்கு முன்பே எழுதி, மாதிரி வரைவிலேயே பலூனுக்கு இடம் ஒதுக்குங்கள். ‘மருத்துவமனையிலிருந்து’ என்ற ஒரே சொல் ஒரு சிறிய பலூனின் வரி முழுவதையும் பிடித்துவிடும். ‘ஆஸ்பத்திரியில’ என்றால் தப்பிக்கலாம். மேல்விலங்கும் (‘கி’யில் மேலே வளைவது) கீழ்விலங்கும் (‘கு’வில் கீழே இறங்குவது) வரிகளுக்கு இடையே மோதும் என்பதால், ஆங்கில எழுத்துக்கு விடுவதைவிட வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். சொல்லை உடைக்க நேர்ந்தால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. நமக்குப் பெரிய எழுத்து வடிவம் இல்லை. கத்தலைத் தடித்த கோட்டாலும் அளவாலும் காட்ட வேண்டும். பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும், ஆனால் எந்த வட்டாரத்தையும் சாராத பேச்சாக இருக்கட்டும். பிராவிடன்ஸ் வீட்டுத் தாத்தாவின் வாயில் கொங்குத் தமிழ் ஒட்டாது.

உரிமைகள்

வாழ்க்கை நிகழ்ச்சிக்குப் பதிப்புரிமை கிடையாது. அதைச் சொன்ன வாக்கியத்துக்கு உண்டு. லவ்கிராஃப்ட் 1937 மார்ச் 15 அன்று இறந்தார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். இறந்த பிறகு முதன்முறை வெளியானவற்றுக்கு வெளியான ஆண்டை வைத்துக் கணக்கிடுவார்கள். அவருடைய கடிதங்கள் பலவும் அவ்வகையே. ஆகவே கடித வரிகளை அப்படியே எடுக்காமல் உங்கள் சொல்லில் எழுதுங்கள். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் சிறுவயதை எடுப்பதானால், பெயரை மாற்றியிருந்தாலும் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெறுங்கள். அவருடைய குடும்பத்தினரும் அடையாளம் தெரியும்படி வருகிறார்களா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

இதழின் கடைசிப் பக்கத்தில் அரைப் பக்க அளவில் ஒரு குறிப்பு சேருங்கள். எந்த நிகழ்ச்சி ஆவணத்தில் உள்ளது, எது கடிதத்தில் உள்ளது, எது நீங்கள் கட்டியது என்பதை அதில் நேராகச் சொல்லுங்கள். அதை முகப்பில் வைத்தால் சிறுவனின் அறியாமைக்குள் வாசகர் நுழைய முடியாது. கடைசியில் வைத்தால், சிவப்புக் காகிதத் துண்டு உண்மையாகவே நடந்தது என்று அறிந்து அந்தப் பக்கத்தை அவர்கள் மீண்டும் புரட்டிப் பார்ப்பார்கள்.